கட்டில் தலைமாட்டில் ஒரு மணிக்கயிறு

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு தாய், மகனுக்கு ஸ்பைடர்மேன் முகமூடி வாங்கிக் கொடுக்கலாமா, சுவரில் ஏறத் தொடங்கிவிடுவானோ என்று கேட்டிருந்தார். வாங்கிக் கொடுங்கள், ஆனால் பல்கனிக் கதவைப் பூட்டி வையுங்கள் என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நான் ஏதோ அரசியல் எழுதிவிட்டேன் என்று நினைப்பீர்கள். சண்டைக்கு வந்தவர்களும் உண்டு, சொந்தக் கவலையைக் கொட்டியவர்களும் உண்டு. சரி, இந்த முறை முழுக்க அதுதான். சமையல் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கணவாய்க் கறி அடுத்த இதழில் கட்டாயம் வரும்.

கேள்வி: அக்கா, "பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும்" என்று ஸ்பைடர்மேனுக்குச் சொன்னவர் அவருடைய பென் அங்கிள் என்று நான் சொல்கிறேன். ரியூஷனில் பக்கத்தில் இருப்பவன் இல்லவே இல்லை என்கிறான். ஒரு கொத்து ரொட்டி பந்தயம். தீர்ப்புச் சொல்லுங்கள்.
– உயர்தர மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, கொத்துக்குக் காசை எடுத்து வையுங்கள். 1962 ஓகஸ்ட் என்று திகதி போட்டு அமெரிக்காவில் வந்த ‘அமேசிங் ஃபான்டஸி’ 15ஆம் இதழில்தான் ஸ்பைடர்மேன் முதன்முதலாக வருகிறான். கதை ஸ்டான் லீ, படம் ஸ்டீவ் டிட்கோ, மொத்தமே 11 பக்கம். அந்த வசனம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பெடியன் இருட்டுக்குள் தனியாக நடந்து போகிறான், மேலே ஒரு பெட்டிக்குள் கதைசொல்லி அதை எழுதி வைத்திருக்கிறார். அதற்குள் பெரியப்பா செத்துப் போய்விட்டார். பின்னால் வந்த கதைகளும் 2002ஆம் ஆண்டுப் படமும்தான் அதைத் தூக்கி அவர் வாயில் வைத்தன. 2021இல் வந்த படத்தில் அதையே அவனை வளர்த்த பெரியம்மா மே சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார்.

பெரியப்பா என்று நான் எழுதியது கைதவறி அல்ல. முகமூடிக்குள் இருக்கிற பெடியனின் பெயர் பீட்டர், பென் அவனுடைய அப்பாவுக்கு அண்ணன். ‘அங்கிள்’ என்ற ஒரு சொல்லுக்குள் பெரியப்பா, சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், ஓட்டோ ஓட்டுகிறவர் எல்லோரையும் போட்டு அமுக்கிவிடுகிறார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் எடுத்து வளர்த்தார்கள் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், பாதிக் கதை அங்கேயே விளங்கிவிடும்.

மற்றது, அந்த 11 பக்கத்தை வாசித்தால் அது வசனம் சொல்கிற அளவுக்குப் பெரிய விடயம் பற்றியே இல்லை. சக்தி கிடைத்த பெடியன் முதலில் செய்தது மல்யுத்தம், 100 டொலருக்கு. பிறகு ரி.வி. அங்கே நடையில் சும்மா நிற்கிறான், ஒரு கள்ளன் ஓடி வருகிறான், பின்னால் பொலிஸ்காரர் பிடி பிடி என்று கத்திக்கொண்டு வருகிறார். காலை நீட்டியிருந்தால் கள்ளன் விழுந்திருப்பான். நீட்டவில்லை, கள்ளன் லிஃப்டில் ஏறிப் போய்விட்டான். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அது உங்கள் வேலை என்கிறான். அவன் கெட்டது ஒன்றும் செய்யவில்லை, நின்றான், அவ்வளவுதான். பிறகு பெரியப்பாவைச் சுட்டவனும் அதே ஆள். காலை நீட்டாமல் நின்ற அனுபவம் 100ஆம் இலக்க பஸ்ஸில் போய் வருகிற எல்லோருக்கும் இருக்கும், எனக்கும் இருக்கிறது, அதை இங்கே எழுதப் போவதில்லை.

கேள்வி: ஸ்பைடர்மேன் கொழும்பில் பிறந்திருந்தால்?
– தெஹிவளை வாசகர்

பதில்: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் நெருக்கமாக இருக்கின்றன, அங்கே சமாளிப்பான். நுகேகொடை தாண்டினால் தென்னை மரத்தில்தான் தொங்க வேண்டும். தாமரைக் கோபுரத்தில் ஏறினால் கீழே நின்று நான்கு பேர் வீடியோ எடுப்பார்கள், ஐந்தாவது ஆள் ரிக்கெட் எடுத்தியா என்று கேட்பார். 2022இல் இருந்திருந்தால் பெரியம்மா அவனை விடியப்புறம் 3 மணிக்கு எழுப்பி, வெறும் காஸ் சிலிண்டரோடு வரிசைக்கு அனுப்பியிருப்பார். உலகத்தைப் பிறகு காப்பாற்றலாம், முதலில் சோறு வேக வேண்டும்.

கேள்வி: என் கணவர் ஓர் அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைப் பிரிவில் டொக்டர். 2022க்குப் பிறகு அவரோடு வேலை செய்த பலர் வெளிநாடு போய்விட்டார்கள், எல்லாம் மிச்சம் இருப்பவர்களின் தலையில். மகளின் நாலாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டக் கத்தியை எடுக்கிறோம், போன் அடிக்கிறது, எழும்பிப் போய்விட்டார். வெளியே அவரைக் கடவுள் என்கிறார்கள். நான் வாயைத் திறந்தால், நோயாளியை விடக் கேக் பெரிதா என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்தாலும் ஒன்றும் கதைக்கமாட்டார், கேட்டால் உனக்கு எதற்கு அந்தக் கவலை என்பார். போன இதழை வாசித்துவிட்டு நான் சிரித்ததைப் பார்த்து, அப்பா ஸ்பைடர்மேனா அம்மா என்று மகள் கேட்டாள். என்ன சொல்ல?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் கேக். நோயாளியை விடக் கேக் பெரிதா என்று உங்களை இதுவரைக்கும் யாரும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது ஊருக்காக நீங்களே கேட்டு, நீங்களே வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். எவ்வளவு காலமாக என்று தெரியவில்லை.

அநுராதபுரத்தை 44 வருடம் ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் சொல்வதில் என் மனதில் நிற்பது பசுவும் இல்லை, கன்றும் இல்லை, மணி. ஆராய்ச்சி மணியை அரண்மனை வாசலில் கட்டியிருந்தார்கள் என்றுதான் நாங்கள் சின்ன வயதில் கதை கேட்டோம். மகாவம்சத்தில் அது இருப்பது அரசனின் கட்டில் தலைமாட்டில். நீளமான கயிறு, நீதி வேண்டியவர் வந்து இழுக்கலாம். மகன் ஓட்டிய வண்டிச் சில்லில் கன்று அகப்பட்டுச் செத்தது, தாய்ப்பசு வந்து கயிற்றை இழுத்தது, அரசன் அதே சில்லால் மகனின் தலையை எடுத்தான். திருவாரூர்க்காரர் இதை மனுநீதிச் சோழன் கதையாகச் சொல்வார்கள், அங்கே கடைசியில் கடவுள் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுவார். இங்கே அப்படி ஒருவரும் வரவில்லை. பள்ளிக்கூட வயதில் அந்த அரசனை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கும். கலியாணம் கட்டின பிறகுதான் அந்தக் கட்டிலில் மற்றப் பக்கம் படுத்திருந்தவளை யோசிக்கத் தொடங்கினேன். அவனுக்கு ஒரு மகன், ஒரு மகள் என்று கணக்குச் சொல்கிற அந்த இடத்தில் அவர்களைப் பெற்றவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. மணி அவளுடைய காதுக்குள்ளும்தானே அடித்திருக்கும்.

உங்கள் வீட்டில் அந்த மணி போன் என்ற பெயரில் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

எங்கள் அப்பாவிடமும் ஒரு சக்தி இருந்தது. சுவரில் ஏறுகிற சக்தி அல்ல, சிங்களம். வடிவான, எழுத்துப் பிழை இல்லாத, பெரிய அதிகாரியே எழும்பி நின்று கதைக்கிற மாதிரிச் சிங்களம். தொண்ணூறுகளில் கொட்டாஞ்சேனையில் அது என்ன சக்தி என்பது அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருக்கிற ஒரு பெடியனைப் பொலிஸ் பதிவு இல்லை என்று இரவில் கொண்டு போய்விட்டால், அவனுடைய தாயோ மாமனோ எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். அப்பா சாரத்தை மாற்றிக் காற்சட்டை போடுவார். கதவுக்குப் பின்னால் அயன் பண்ணின ஒரு வெள்ளைச் சேர்ட் இதற்கென்றே எப்போதும் தொங்கும், பையில் இரண்டு பேனை செருகியபடி. அந்தச் சேர்ட்டை மாட்டினால் அப்பா அரை அடி உயர்ந்த மாதிரி எனக்குத் தெரியும். அம்மா இடியப்பத்தை மூடி வைத்துவிட்டு வாசல் படிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். சொதி ஆறி மேலே மஞ்சளாக ஆடை கட்டும். எங்கே போகிறார், எந்த பொலிஸ், எப்போது வருவார், ஒன்றும் சொல்லமாட்டார். உனக்கு ஏன், நீ பயப்படுவாய் என்பார். ஓம், உங்கள் ஆள் சொல்கிற அதே வசனம்தான்.

அப்பா போய்க் கனகாலத்துக்குப் பிறகு அம்மாவிடம் கேட்டேன், அப்படிப் போனதற்கு உங்களுக்குக் கோபம் இல்லையா என்று. அம்மா சொன்னது இது: "போனதுக்கு நான் ஒருநாளும் கோபிக்கேல்லப் பிள்ளை. எங்க போறன் எண்டு சொல்லியிருந்தா கவலைப்பட்டிருப்பன். சொல்லாமப் போனதாலதான் பயந்தனான். கவலையோட ஒரு கண் நித்திரையாவது கொள்ளலாம், பயத்தோட ஏலாது."

அப்பா நல்லவர், அந்தச் சேர்ட்டால் எத்தனையோ பேர் அன்றிரவே வீட்டுக்குப் போனார்கள். ஆனால் வெளியே இன்னொருவனுக்காகப் பாவித்த சக்தியை வீட்டுக்குள் வந்ததும் அம்மாவுக்கு மேலே பாவித்தார் என்றுதான் நான் இப்போது நினைக்கிறேன். அம்மாவுக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக்கூடாது என்பதை ஒரு ஆளாக முடிவெடுத்தார். ஸ்பைடர்மேனும் இதைத்தான் செய்கிறான், 60 வருடமாக. கள்ளனைப் பிடிக்கப் போகிறான் என்பதில் ஒருவருக்கும் பிரச்சினை இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு எது நல்லது என்று அவர்களிடம் கேட்காமலே முடிவுகட்டிவிட்டுப் போகிறான், அதில்தான் கதை ஒவ்வொரு தரமும் இடறுகிறது.

அதனால் வேலையை விடச் சொல்லி நிற்காதீர்கள், நிற்கவும் மாட்டீர்கள் என்று தெரியும். 1967இல் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 50ஆவது இதழில் ஸ்பைடர்மேன் அலுத்துப்போய் உடுப்பைக் குப்பை வாளியில் போட்டுவிட்டுப் போவான், மிகப் பேர்பெற்ற படம் அது. அதே இதழ் முடிவதற்குள் திரும்ப எடுத்துவிட்டான். அந்த மாதிரி ஆட்களுக்கு விடத் தெரியாது.

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். அன்றைக்குக் கேக் வெட்டுகிற நேரத்தில் வந்தாரே ஒரு நோயாளி, பெயர் ஊர் வேண்டாம், அந்த ஆள் பிழைத்தாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை, உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். மகளின் கேக்கை அந்த ஆளுக்காகக் கொடுத்தது நீங்கள் மூன்று பேரும்தான், முடிவு தெரிந்தது அவருக்கு மட்டும். அலுப்பு, தோல்வி, கை நடுங்கின நாள் எல்லாம் அவருக்குள்ளே கிடந்து புளிக்கும், அதையும் கொஞ்சம் இறக்கி வைக்க இடம் வேண்டும்தானே. அப்புறம் மிகச் சாதாரணமான ஒரு வேலை: அவருடைய ஒன்-கோல் நாட்களைக் குசினிக் கலண்டரில் சிவப்பால் வட்டம் போட்டு வையுங்கள், அவருடைய கையாலேயே போட விடுங்கள். அடுத்த வருடம் பிறந்தநாள் வட்டத்துக்குள் விழுந்தால் கேக்கை அடுத்த நாள் வெட்டுங்கள், ஐந்து வயதுப் பிள்ளைக்குத் திகதி முக்கியம் இல்லை, மெழுகுதிரியும் அப்பாவும் இருந்தால் காணும்.

மகளிடம், அப்பா ஸ்பைடர்மேன் இல்லை, அவன் வீட்டில் சொல்லாமல் ஓடுகிறவன், அப்பா சொல்லிவிட்டுப் போவார் என்று சொல்லுங்கள். இன்றைக்கு அது பொய்யாக இருக்கலாம். அவருடைய காதில் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள்.

கேள்வி: நமக்கு அனுமான் இருக்கும்போது பிள்ளைகளுக்கு ஏன் இந்த வெளிநாட்டுப் பூச்சி மனிதன்?
– ஒரு பேத்தியின் அம்மம்மா, முகத்துவாரம்

பதில்: அம்மா, கோபம் விளங்குகிறது. சின்ன வயதுக் குழப்படியால் முனிவர்களிடம் சாபம் வாங்கி, தன் பலம் தனக்கே மறந்து போய், கடற்கரையில் ஜாம்பவான் எடுத்துச் சொன்ன பிறகு எழும்பிப் பாய்ந்த அனுமானை விடப் பெரிய ஆள் எனக்கும் இல்லை. ஆனால் அவருக்குக் குடும்பம் குட்டி என்ற பிக்கல் இல்லையே. நான் கேட்பதெல்லாம் அவருடைய தலைவரைப் பற்றித்தான். பட்டத்துக்கு வந்த பிறகு ஊர் வாய்க்காகச் சீதையை அனுப்பியபோது அவளிடம் ஒரு சொல் கேட்டாரா? ஆச்சிரமம் பார்க்க ஆசை என்று அவள் சொல்லியிருந்தாள், அதற்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து இரதத்தில் ஏறினாள். கங்கைக்கு அந்தக் கரையில் வைத்துத்தான் இலக்குவன் அழுது அழுது உண்மையைச் சொல்கிறான். கம்பர் முடிசூட்டோடு நிறுத்திக்கொண்டார், அவர் கெட்டிக்காரர். பேத்திக்கு இரண்டையும் சொல்லிக் கொடுங்கள், பூச்சி மனிதனையும் சேர்த்து. அவள் கேட்கிற கேள்விகளை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: எனக்கு வருகிற மாசியில் கலியாணம். மட்டக்களப்பில் அப்பா அம்மா, தங்கச்சியின் படிப்பு, பழைய கடன் ஒன்று, எல்லாம் என் தலையில். பகலில் ஒஃபிஸ், பின்னேரத்தில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி. அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஓடர் ஒன்று அவளுடைய ஒஃபிசுக்கே வந்துவிட்டது, ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொடுத்துவிட்டு வந்தேன். அவளை ஏன் கலியாணத்துக்கு முன்பே குழப்ப வேண்டும்? ஸ்பைடர்மேனும் மறைக்கிறான்தானே?
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் உதாரணத்துக்குப் பிடித்த ஆள் சரியில்லை.

க்வென் ஸ்டேசி என்று ஒருத்தி இருந்தாள், பீட்டரின் காதலி. 1970இல் அவளுடைய அப்பா ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் இடிபாட்டுக்குள் அகப்பட்டுச் சாகிறார். அதற்குக் காரணம் ஸ்பைடர்மேன்தான் என்று அவள் நினைக்கிறாள். எனவே கொஞ்சக் காலமாக அவள் ஒரே ஆளைப் பின்னேரம் காதலிக்கிறாள், இரவில் வெறுக்கிறாள். அவனும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான், வாயைத் திறக்கவில்லை. 1973 ஜூன் இதழில் வில்லன் அவளைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசி எட்டிப் பிடித்துவிடுகிறான். மேலே இழுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. அவள் கழுத்துக்குப் பக்கத்தில் முறிகிற சத்தத்தை ஒரு சின்னச் சொல்லாக எழுதியிருப்பார்கள், கவனிக்காமல் தாண்டிப் போகக்கூடிய சொல். விழுந்த வேகத்தை வலை திடீரென்று நிறுத்தியதுதான் அவளைக் கொன்றது என்று நான்கு இதழ் தள்ளி ஆசிரியர் குழு பதில் எழுதியது. எங்கே எழுதினார்கள் தெரியுமா, வாசகர் கடிதப் பகுதியில், இந்த மாதிரி ஒரு பக்கத்தில். அதை வாசித்ததிலிருந்து கேள்வி பதில் எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் பயம். அவள் தன்னைப் பிடித்தவன் யார் என்று தெரியாமலே போய்விட்டாள்.

இன்னொன்று இருக்கிறது, இது அவ்வளவு பேருக்கு ஞாபகம் இல்லை. பெரியம்மாவுக்கு வருத்தம் என்று பீட்டர் தன் இரத்தத்தைக் கொடுப்பான். கதிரியக்கச் சிலந்தி கடித்த இரத்தம் என்று டொக்டரிடம் எப்படிச் சொல்வது, சொல்லவில்லை. பிறகு அந்த இரத்தமே பெரியம்மாவைச் சாகக் கிடத்துகிறது. 1966 தொடக்கத்தில் வந்த 33ஆவது இதழில், மேலே விழுந்த பிரமாண்டமான இயந்திரத்தைப் பக்கம் பக்கமாக மூச்சுத் திணறத் திணறத் தூக்கியெறிந்து, பெரியம்மாவுக்கு மருந்து கொண்டு போவான். டிட்கோவின் ஆகத் திறமான வேலை என்று அந்தப் பக்கங்களைக் கொண்டாடுவார்கள், கொண்டாடத்தான் வேண்டும். எனக்கு மட்டும், அவன் அந்த இயந்திரத்துக்கு அடியில் போய்ப் படுக்க வேண்டி வந்ததே சொல்லாமல் கொடுத்த ஒரு போத்தல் இரத்தத்தால்தானே என்ற எண்ணம் போகாது. அன்பாகத்தான் கொடுத்தான், இரகசியமும் சேர்ந்து ஏறிவிட்டது. உங்கள் கடனும் அப்படித்தான் போகும், மாசிக்குப் பிறகு அது அவளுடைய கடனும்.

மற்ற ஆட்களையும் பாருங்கள். சூப்பர்மேன் 1938இல் வந்தவர், காதலி லோயிஸிடம் உண்மையைச் சொன்னது 1991இல், கலியாணம் 1996இல். சொன்ன பிறகுதான் கட்டினார், அதைக் கவனியுங்கள். அண்ணாவின் மெத்தைக்கு அடியிலிருந்து களவாக எடுத்து நான் வாசித்த ராணி கொமிக்ஸில் மாயாவியாக வந்த ஃபான்டம், 1936இல் தொடங்கி 1977 வரைக்கும் இழுத்தடித்துவிட்டு டயானாவைக் கட்டினார். டயானா கெட்டிக்காரி, ஐ.நா.வில் வேலை பார்த்தவள், எல்லாம் தெரிந்துதான் காட்டுக்குப் போனாள். உங்கள் ஸ்பைடர்மேனுக்கு 1987இல் கலியாணம் நடந்தது, 2007இல் பெரியம்மாவின் உயிருக்காகப் பேயோடு பேரம் பேசி அந்தக் கலியாணத்தையே இல்லாமல் செய்துவிட்டார்கள். வாசகர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவளுக்கு உங்கள் கடன் தெரிந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். போய்விடுவாள், அல்லது ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று கேட்பாள். எது நடந்தாலும் மாசிக்கு முன்னால் நடப்பது நல்லது. மண்டப அட்வான்ஸ் கட்ட முன்பு சொன்னால் இன்னும் நல்லது, அதிலும் ஒரு தொகை மிஞ்சும். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் அன்றைக்கு அவளுடைய ஒஃபிசுக்குப் போன அந்தப் பார்சலில் இருந்து தொடங்குங்கள். அவள் சிரிப்பாள் என்று ஒரு எண்ணம் எனக்கு, முதலில் கொஞ்சம் அழுதாலும். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொல்லுங்கள். மழைநேரம் காலி வீதியில் ஓடும்போது மட்டும் கழற்ற வேண்டாம்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு. நான்தான் மொனிட்டர். டீச்சர் இல்லாத நேரம் கதைக்கிறவர்களின் பெயரை போர்டில் எழுத வேண்டும். என் பெஸ்ட் ஃப்ரெண்ட்தான் கூடக் கதைக்கிறான். எழுதினால் அவன் கோபம், எழுதாவிட்டால் மற்ற ஆட்கள் கள்ள மொனிட்டர் என்கிறார்கள். நான் என்ன செய்ய?
– பெயர் போட வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: குட்டித் தம்பி, பெயர் போடவில்லை, பயப்பட வேண்டாம். இந்த இதழுக்கு வந்த எல்லாக் கடிதத்திலும் கஷ்டமான கடிதம் உன்னுடையதுதான். நானும் மொனிட்டராக இருந்தேன், எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள், மாலு பாணில் பெரிய பாதியை எப்போதும் எனக்குப் பிய்த்துத் தருகிறவள். மற்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சோக்கை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன், கடைசியில் அவளுடைய பெயரை எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பினால் அவள் அழவில்லை, என்னைப் பார்த்து, நான் யாரோடு கதைத்தேன் என்று மட்டும் கேட்டாள். என்னோடுதான். எனவே கீழே என் பெயரையும் எழுதினேன். டீச்சர் வந்து இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார், வெளியில் நின்றும் கதைத்தோம்.